சீட்டை ஏற்றினால் சைக்கிள் வளராது

என் உயரம் 180 செ.மீ. நான் வாங்கிய முதல் மலைச் சைக்கிளின் ஃபிரேம் 16 இஞ்ச். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருந்தால் ஒரு ஃபிரேமும் ஏழெட்டு மாத முழங்கால் வலியும் மிச்சமாகியிருக்கும். ஆனால் அன்று கடையில் எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எத்தனை இஞ்ச்?" என்று கேட்டேன். "27.5 சார்" என்று பதில் வந்தது. பெரிய எண்ணாகத் தெரிந்ததால் பெரிய சைக்கிள்தான் என்று நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. நம் வீடுகளில் இருந்த கறுப்பு நிறச் சைக்கிளை 22 இஞ்ச் என்றோ 24 இஞ்ச் என்றோ சொல்வோம். அந்த எண் ஃபிரேமின் அளவு. சக்கரம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் 28 இஞ்ச்தான் என்பதால் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. இன்றைய மலைச் சைக்கிள்களில் இது தலைகீழாகிவிட்டது. 26, 27.5, 29 என்று கடைக்காரர் சொல்வது சக்கரத்தின் அளவு. உடம்புக்குப் பொருந்த வேண்டிய ஃபிரேமின் அளவோ சீட் ட்யூபின், அதாவது சீட்டைத் தாங்கும் கம்பியான போஸ்ட் நுழையும் குழாயின், அடியில் ஒட்டிய சிறிய ஸ்டிக்கரில், 16 என்றோ 18 என்றோ, சில சமயம் எஸ், எம், எல் என்ற எழுத்தாகவோ ஒளிந்திருக்கும். குரங்கு பெடல் போட்டு, அப்பாவின் சைக்கிளுக்குள் காலை நுழைத்து ஓட்டிக் கற்றவர்கள் நாம். சைக்கிள் நமக்குப் பொருந்த வேண்டும் என்று கேட்கும் பழக்கமே நமக்கு வந்ததில்லை, நாம்தான் சைக்கிளுக்குப் பொருந்திக்கொண்டோம்.

கடையில் ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் ஹேண்டில்பார் பக்கம் வந்து நின்றது. அதைச் சொன்னதும், "சீட்டை ஏத்திக்கலாம் சார், அதுக்குத்தானே போஸ்ட் இவ்வளவு நீளமா குடுத்திருக்காங்க" என்றார்கள். அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஏமாந்தேன். தள்ளுபடியில் அந்த ஒரு சைக்கிள்தான் மிச்சமிருந்தது என்பதையும், அதை எப்படியாவது எனக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அவர்களைவிட எனக்கே அதிகமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் சில மாதங்கள் கோயம்புத்தூரைச் சுற்றியே ஓட்டினேன். மருதமலை அடிவாரம், ஆனைகட்டிச் சாலை என்று முப்பது, நாற்பது கிலோமீட்டர் போய் வருவேன். மூன்றாவது வாரத்திலேயே முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்பக்கத்தில் வலி தொடங்கியது. மாடிப்படி இறங்கும்போது அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இருக்கை தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, சில்லின்மேல் அழுத்தம் கூடும் என்பது பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது நான் செய்ததெல்லாம் போஸ்ட்டைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும் சீட் கிளாம்ப்பைத் தளர்த்தி இரண்டு சென்டிமீட்டர் ஏற்றியதுதான். வலி குறைந்தது. மறுபடியும் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றினேன், இன்னும் குறைந்தது. மருந்து வேலை செய்கிறது என்ற மகிழ்ச்சியில் மூன்றாவது முறையும் ஏற்றினேன். உண்மையில் முதல் முறை ஏற்றியபோதே போஸ்ட்டின்மேல் பொறித்திருந்த வரிசையான சிறு கோடுகள் குழாய்க்கு வெளியே வந்துவிட்டன. அவற்றுக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படிக்கவும் செய்தேன். குறைந்தபட்ச உள்நுழைவு அளவு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் அவை. வக்கீலுக்குப் பயந்து போட்ட எச்சரிக்கை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கால் வலி போன இடத்தில் கை வலி வந்தது. இருக்கை ஹேண்டில்பாரைவிட வெகு உயரத்துக்குப் போய்விட்டதால் உடம்பின் எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கியது. ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும். பிடரியும் இழுத்துப் பிடிக்கும். யாரோ சொன்னார்கள் என்று ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம் என்ற துண்டை 110 மி.மீ. நீளத்தில் வாங்கி மாட்டினேன். உட்கார்ந்து ஓட்டும்போது நெஞ்சுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது உண்மை. ஆனால் மண்பாதையில் ஹேண்டில் திரும்பச் சோம்பியது, இறக்கத்தில் முன்சக்கரத்துக்கு மேலே குப்புறத் தொங்குவது போன்ற பயம் விடவே இல்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கி.மீ. அதற்குள் ஏறக்குறைய 1,450 மீட்டர் ஏறிவிட வேண்டும். ஏறும்போது நான் முழுக்க முழுக்க உட்கார்ந்தே மிதித்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தப் போஸ்ட் மூன்று மணி நேரத்துக்கு மேல் என் எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. மேலே, தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் ஓட்ட அனுமதி வாங்கியிருந்தேன். கற்கள் நிறைந்த இறக்கத்தில் இருக்கை மீது இரண்டு முறை பலமாக விழுந்த பிறகு, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு 'டிக்' சத்தம் கேட்கத் தொடங்கியது. பெடலாக இருக்கும், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க்காக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினேன். அதை இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. டீக்கடையில் நிறுத்தித் துணியால் துடைத்துப் பார்த்தபோதுதான், சீட் ட்யூபும் ஃபிரேமின் மேல் குழாயான டாப் ட்யூபும் சேரும் பற்றவைப்பின் ஓரத்தில், பெயின்ட்டுக்கு அடியில் முடியைப் போல ஒரு கோடு ஓடியிருப்பது தெரிந்தது. சைக்கிளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம்தான் முதலில் காட்டினேன். சைக்கிளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் உலோகத்தைப் பற்றித் தெரியும். போஸ்ட்டை உருவி வெளியே எடுத்தார். அதன் அடிப்பகுதியில் பளபளவென்று தேய்ந்திருந்த இடத்தை அளந்தார். ஐந்து சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. "ஏனுங் தம்பி, முப்பது சென்டிமீட்டர் வெளிய, அஞ்சு சென்டிமீட்டர் உள்ள. கடப்பாரைல கல்லு பெயர்த்திருக்கீங்களா? அந்தக் கணக்குத்தானுங்க இது" என்றார்.

அந்தக் கணக்கை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும். சீட் ட்யூப் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் நம் எடையின் ஒரு பகுதி போஸ்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. கிளாம்ப் இருக்கும் இடம் நெம்புகோலின் தாங்குபுள்ளி. வெளியே 25 செ.மீ., உள்ளே 10 செ.மீ. இருந்தால், போஸ்ட்டின் அடிமுனை குழாயின் உட்சுவரை முன்பக்கமாக அழுத்தும் விசை மேலே தள்ளும் விசையைப் போல இரண்டரை மடங்கு. வெளியே 30, உள்ளே 5 என்றால் அது ஆறு மடங்கு. அதுவும் அந்த அழுத்தம் குழாயின் மிக மோசமான இடத்தில் விழுகிறது. பற்றவைப்பின் வெப்பத்தால் இளகிய அலுமினியத்தின்மேல், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முறை. எஃகில் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருக்கும் சுமையை எத்தனை முறை ஏற்றினாலும் அது தாங்கிவிடும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, சிறு சுமையையும் அது கணக்கில் வைத்துக்கொண்டே வரும்.

போஸ்ட்டின்மேல் உள்ள கோடு போஸ்ட்டைக் காப்பாற்றுவதற்கானது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். போஸ்ட் செய்தவருக்கு அது எந்த ஃபிரேமுக்குள் போகப்போகிறது என்று தெரியாது. ஃபிரேமுக்குத் தனியாக ஒரு தேவை உண்டு. போஸ்ட்டின் அடிமுனை, டாப் ட்யூப் வந்து சேரும் பற்றவைப்பின் கீழ்விளிம்பைத் தாண்டி இன்னும் இரண்டு, மூன்று சென்டிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். கோட்டின் அளவு, பற்றவைப்பின் அளவு, இந்த இரண்டில் எது அதிக ஆழம் கேட்கிறதோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். சீட் ட்யூப் டாப் ட்யூபுக்கு மேலே நெடுக நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிரேம்களில் கோடு உள்ளே மறைந்திருந்தும் ஆழம் போதாமல் இருக்கலாம்.

ஆர்கான் வெல்டிங் செய்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கோயம்புத்தூரில் அதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சைக்கிள் ஃபிரேம்களில் அதிகம் பயன்படும் 6061 வகை அலுமினியம், பற்றவைத்த பிறகு சூளையில் முறைப்படி சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் பழைய வலிமையைத் திரும்பப் பெறும். அப்படிச் செய்யாமல் மேலே ஒட்டினால், ஒட்டிய இடம் நிற்கும், அதற்குப் பக்கத்து இடம் விடும். வெல்டரே நேர்மையாக, "ஒட்டித் தர்றேனுங்க, நீங்க ஓட்டாம இருந்தாச் சரி" என்றார். உத்தரவாதம் கேட்டுப் போனேன். போஸ்ட்டில் இருந்த கீறல்களைப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கீறல்கள் நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம்.

அதற்குப் பிறகுதான் உடம்பை அளந்தேன். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை முதுகுப்பக்கம் சுவரைத் தொடும்படி கால்களுக்கிடையில் வைத்து, இருக்கையில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு மேலே தூக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். இதுதான் உள்கால் நீளம். பேன்ட் தைக்கக் கொடுக்கும் அளவு இதற்கு உதவாது, அது மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைவாகவே இருக்கும். எனக்கு 86 செ.மீ. வந்தது. 1986, 1989, 1990 ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்ட் பரப்பிய முறைப்படி இதை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் சுழலும் அச்சான பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். எனக்கு அது 75.9 செ.மீ. அதற்கு முன்பே, 1967-ல், ஹேம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பெடலிலிருந்து இருக்கைவரை உள்கால் நீளத்தின் 109 விழுக்காடு இருக்கலாம் என்று கண்டிருந்தார்கள். 170 மி.மீ. கிராங்க்கோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தால் அது என் கணக்கிலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூட விலகவில்லை. இரண்டுமே தொடங்கும் இடத்தைக் காட்டுபவைதான். மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலோ முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ இறக்க வேண்டும், முன்பக்கம் வலித்தால் ஏற்ற வேண்டும், அதுவும் ஒரு முறைக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

இப்போது கழித்தல் கணக்கு. 16 இஞ்ச் சீட் ட்யூப் என்றால் 40.6 செ.மீ. இருக்கையின் அடிக்கம்பியிலிருந்து மேற்பரப்புவரை சுமார் 5 செ.மீ. மொத்தம் 75.9-லிருந்து இரண்டையும் கழித்தால் 30.3 செ.மீ. போஸ்ட் வெளியே நிற்க வேண்டும். என்னிடம் இருந்தது 350 மி.மீ. போஸ்ட், அதில் 10 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும், ஆக வெளியே 25 தான் அனுமதி. ஐந்து சென்டிமீட்டரைக் கடன் வாங்கி ஓட்டியிருக்கிறேன். 400 மி.மீ. போஸ்ட் வாங்கியிருந்தால் ஃபிரேம் உடைந்திருக்காது என்று சொல்பவர்களுக்கு என் பதில், உடையாமல் இருந்திருக்கலாம், ஆனால் கோடு கிளாம்ப்போடு ஒட்டி நின்றிருக்கும், கையும் பிடரியும் அப்படியே வலித்திருக்கும்.

ஏனென்றால் போஸ்ட் கால் நீளத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். ஃபிரேமுக்கு இன்னொரு நீளம் உண்டு. பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டிலிருந்து ஹெட் ட்யூபின், அதாவது ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாயின், உச்சி மையம்வரை கிடைமட்டமாக அளப்பது ரீச். பாட்டம் பிராக்கெட்டிலிருந்து அதே உச்சிவரை செங்குத்து உயரம் ஸ்டாக். சைக்கிளைச் சமதரையில் நேராக நிறுத்தி, ஹெட் ட்யூபிலிருந்து கொத்தனாரின் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நானே வீட்டில் அளந்தேன். உடைந்த சைக்கிளின் ரீச் 39.5 செ.மீ. மலை இறக்கத்தில் நாம் உட்காருவதில்லை, பெடல்மேல் எழுந்து நிற்கிறோம். எழுந்து நின்ற அந்த நேரத்தில் போஸ்ட் எவ்வளவு நீளம் என்பதற்குச் சைக்கிளில் எந்த வேலையும் இல்லை. காலுக்கும் கைக்கும் இடையில் உள்ள தூரத்தை ரீச்சும் ஸ்டாக்கும்தான் தீர்மானிக்கின்றன. சீட்டை ஏற்றுவது உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் சைக்கிளைப் பெரிதாக்குகிறது, அதுவும் விலையோடு. 73 டிகிரி சாய்வுள்ள குழாயில் பத்து சென்டிமீட்டர் ஏற்றினால் இருக்கை ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் பின்னாலும் போகிறது. செங்குத்தான ஏற்றத்தில் என் முன்சக்கரம் அடிக்கடி தரையை விட்டு எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

போஸ்ட் நிறைய வெளியே தெரிந்தாலே ஃபிரேம் சிறியது என்று முடிவு கட்டுவதும் சரியில்லை. இறங்கி நிற்கும்போது கவட்டில் இடிக்காமலும், இறக்கத்தில் உடம்பு அசைய இடம் இருக்கவும், இப்போதைய மலைச் சைக்கிள்களில் டாப் ட்யூபைச் சரித்து, சீட் ட்யூபை வேண்டுமென்றே குட்டையாக வைக்கிறார்கள். பழைய 22 இஞ்ச் சைக்கிளில் கைப்பிடியளவு போஸ்ட் வெளியே தெரிந்தாலே அது நெட்டையன் சைக்கிள், இதில் ஒரு சாண் தெரிந்தாலும் அளவு சரியாக இருக்கலாம். எனவே ஒரு நிறுவனத்தின் 17 இஞ்ச்சும் இன்னொன்றின் 17 இஞ்ச்சும் ஒன்றல்ல. ரீச்சைப் பார்த்து ஃபிரேமைத் தேர்ந்தெடுப்பது, பிறகு கழித்தல் கணக்குப் போட்டுப் போஸ்ட் எட்டுமா என்று சரிபார்ப்பது, இந்த வரிசையில்தான் இரண்டாவது சைக்கிளை வாங்கினேன். நண்பர்களின் சைக்கிள்களை இரவல் வாங்கி ஓட்டியதில் 44 முதல் 45 செ.மீ. ரீச்சில்தான் எனக்கு மூச்சுவிட முடிந்தது. வாங்கியது 44.5. சீட் ட்யூப் 47 செ.மீ., போஸ்ட் 400 மி.மீ. வெளியே 23.9, உள்ளே 16.1. ஸ்டெம் 60 மி.மீ. போதுமானதாக இருந்தது.

ஏற்றத்துக்குச் சரியான இருக்கை உயரம் இறக்கத்தில் வயிற்றில் இடிக்கும் என்ற சிக்கல் இந்த விளையாட்டைப் போலவே பழையது. 1980-களில் கலிபோர்னியாவில் ஜோ பிரீஸ் என்ற ஃபிரேம் கைவினைஞரும் நண்பர் ஜாஷ் ஏஞ்சலும் சேர்ந்து, இருக்கையைத் திரும்ப மேலே தள்ளும் ஒரு சுருள்வில்லைச் செய்து ஹைட்-ரைட் என்று பெயரிட்டு விற்றார்கள். இன்று அந்த வேலையை டிராப்பர் போஸ்ட் செய்கிறது, ஹேண்டில்பாரில் ஒரு விசையை அழுத்தினால் இருக்கை இறங்கும். இதற்கும் அதே கழித்தல்தான். 150 மி.மீ. இறங்கும் டிராப்பருக்கு, அதன் கழுத்தும் தலையும் சேர்த்து, வெளியே குறைந்தது 20 செ.மீ. இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு 23.9 இருந்ததால் இடித்துக்கொள்ளவில்லை.

என் அக்கா மகளுக்கு இடித்தது. உயரம் 157 செ.மீ., உள்கால் 72. இருக்கை உயரம் 63.6 வரும். "வளர்ற பொண்ணு, பெருசாவே எடுத்துக்கலாம் மாமா" என்று அவளே சொல்லி ஒரு எம் அளவுச் சைக்கிளைக் காட்டினாள். கல்லூரி இரண்டாம் ஆண்டில் அவள் எங்கே வளரப்போகிறாள் என்பது வேறு விஷயம். அதன் சீட் ட்யூப் 43 செ.மீ., வெளியே நிற்க மிச்சம் 15.6. டிராப்பரை முழுக்க உள்ளே சொருகினாலும் 150 மி.மீ. வகை அவளுக்கு உயரமாகிவிடும், 100 மி.மீ. வகை நூலளவில் தப்பும். முழுக்கச் சொருகவும் முடியவில்லை, தண்ணீர் பாட்டில் மாட்டும் ஸ்குரூக்கள் குழாய்க்குள் நீட்டிக்கொண்டு தடுத்தன. என் தவறின் கண்ணாடி பிம்பம் அது. எனக்குப் போஸ்ட் போதவில்லை, அவளுக்குப் போஸ்ட்டுக்கு இடம் போதவில்லை. 38 செ.மீ. சீட் ட்யூப் கொண்ட எஸ் அளவில் 20.6 கிடைத்தது, அதையே எடுத்தோம். ரீச்சும் அவள் கைக்கு எட்டியது.

போஸ்ட் வாங்கும்போது விட்டத்தைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது. 27.2, 30.9, 31.6, 34.9 மி.மீ. என்று பல அளவுகள் இருக்கின்றன. 30.9-ஐ 31.6 குழாயில் மாட்டினால் உள்ளே போகும், கிளாம்ப்பும் இறுகும், ஆனால் ஓட்டும்போது வழுக்கி இறங்கும், குழாயும் நசுங்கும். பழைய போஸ்ட்டின் அடியில் எண் பொறித்திருக்கும், அழிந்திருந்தால் லேத் பட்டறையில் வெர்னியர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கிளாம்ப்பைப் பெரும்பாலும் ஐந்து, ஆறு நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கத் தேவையில்லை, அதன்மேலேயே அளவு எழுதியிருக்கும். உலோகப் போஸ்ட்டுக்கு மெல்லிய கிரீஸ் பூச வேண்டும். எஃகு ஃபிரேமுக்குள் அலுமினியப் போஸ்ட்டை கிரீஸ் இல்லாமல் இரண்டு மழைக்காலம் விட்டால் இரண்டும் அரித்து ஒன்றாகிவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கார்பனுக்கு கிரீஸ் ஆகாது, அதற்கென்று சொரசொரப்பான பேஸ்ட் கிடைக்கிறது.

வெளியூருக்குக் காரில் கொண்டுபோகும்போது சீட்டை இறக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதற்காகப் போஸ்ட்டில் கிளாம்ப்பை ஒட்டிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். திரும்ப ஏற்றும்போது அந்த டேப் கிளாம்ப்புக்கு மேலே எட்டிப் பார்த்தால் நிறுத்திக்கொள்கிறேன். உடைந்த ஃபிரேம் அண்ணனின் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் கடப்பாரைக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு அது உதவுகிறதாம்.